இருபது நிமிஷ வர்ணனை

ஆசியாக் கண்டத்திலேயே மன உறுதியில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று பிரவின்குமார் மிகுந்த அடக்கத்தோடு அறிவித்தான். அறிவித்த இடம், செங்கல்பட்டில் ஒரு போதை மீட்பு மையத்தின் கழிப்பறை வாசல். கையில் சிறுநீர் டப்பா.

"அந்த உறுதிய டப்பாவுல காட்டுங்க," என்றார் ஆலோசகர் ஜெயப்பிரியா. "டெஸ்ட் பட்டையில ரெண்டு கோடு வந்தா சுத்தம். தொண்ணூறு நாள் சுத்தமா இருந்தாத்தான் கம்பெனி திரும்பச் சேர்த்துக்கும்."

மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி. ஷிப்டில் நின்று வந்த கால்வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் போகவில்லை, வேலைதான் போனது.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. போதை நினைப்பு தலைக்கேறினால், மையம் சேர்த்துவைத்த ஜோடிக்குப் போன் போட்டு, கண்ணில் படுவதை இருபது நிமிஷம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் வேகம் இறங்கிவிடுமாம். பிரவினுக்கு வாய்த்த ஜோடி தீனதயாளன், மாமல்லபுரம் சிற்பப் பட்டறையில் பாலிஷ் போடுபவர். வாரம் மூன்று முறையாவது கூப்பிடுவார்.

"நைனா, எதிர்ல புள்ளையார் கீறாரு. இன்னும் தும்பிக்க வரல. பக்கத்துல ஒரு நாய் பட்துகினு கீது."

"நாய் எத்தினி ரன் அண்ணாத்த?" என்று கிரிக்கெட் வர்ணனை கேட்பவன்போல் பிரவின் கிண்டலடிப்பான்.

அடுத்த கூட்டத்தில், வட்டமாக உட்கார்ந்திருந்த பதினோரு பேருக்கும் அதை மூக்கால் பேசி நடித்தும் காட்டினான். தீனதயாளனே சிரித்துவிட்டார். "சிரி நைனா. சுத்தமா கீறதுல எனக்கு இது எட்டாவது மாசம்."

தொண்ணூறாம் நாள் காலை. டெஸ்டுக்காக பஸ்ஸை விட்டு இறங்கியவனின் தோளில் பழைய ஷிப்டுக் கூட்டாளி இனியன் கை போட்டான்.

"இன்னா மச்சான், இப்டி படபடன்னு போற? ஒண்ணே ஒண்ணு போடு. படபடப்பு அடங்கிடும்."

மாத்திரை அட்டையைப் பிரவினின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். பிரவினின் கட்டைவிரல் அவனைக் கேட்காமலே அட்டையைத் தடவியது. ஆசியாவின் மன உறுதி அட்டையில் எத்தனை மாத்திரை என்று எண்ணிக்கொண்டிருந்தது.

அட்டையை இனியனின் சட்டைப்பையில் திணித்துவிட்டு நடந்தான். தீனதயாளனுக்குப் போன் போட்டான்.

"அண்ணாத்த, பூக்காரம்மா மொழம் போட்டுகினு கீது. ஒரு ஷேர் ஆட்டோ. உள்ள எட்டுப் பேரு."

"சொல்லிக்கினே வா நைனா."

ஜூஸ் கடை, சைக்கிளில் இளநீர், மையத்தின் பச்சை கேட் என்று ஒன்று விடாமல் சொன்னான். டப்பாவை நீட்டும்போதும் போன் காதில்தான் இருந்தது.

"மேடம் பட்டைய டேபிள்ல வெச்சிட்டாங்க. ஒரு கோடு வந்துடுச்சி. ஃபேன் சுத்துது. மேடம் கண்ணாடிய தொடைக்கிறாங்க."

மறுமுனையில் பாலிஷ் மிஷின் நின்றது. "ரெண்டாவது?"

"இல்ல... வந்துகினு கீது... வந்துடுச்சி அண்ணாத்த!"

பட்டறையில் யாரோ விசிலடித்தது செங்கல்பட்டு வரை கேட்டது. ஜெயப்பிரியா கம்பெனிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிரவின் அதை வாங்கி மடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இருபது நிமிஷத்தில் இன்னும் ஆறு பாக்கி.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஜன்னல்ல ஒரு காக்கா கீது," என்றான்.