பாறைமேல் ஒரு முழ நிழல்

எங்கப்பா கறுப்பையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும். கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்காக நாங்கள் நடந்து வந்தபோது நடுக்காட்டில் எனக்குக் காய்ச்சல். மனிதர் பயத்தில் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டார்: "மக பொழைக்கட்டும். அரசும் வேம்பும் நட்டு, அதுகளுக்குக் கல்யாணம் பண்ணி, அந்த நெழல் என் தலையில விழுந்த பெறகுதான் இவளுக்குத் தாலி!"

நான் பிழைத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டவன் வீரய்யா. தோட்டத்துக் கோப்பிக்கொட்டை மூட்டைகளைக் கண்டிக்கு வண்டியில் ஏற்றிப்போகிறவன். கட்டினால் அவனைத்தான் என்று நான் சொல்லியிருந்தேன். அவனுக்கும் என்மேல் உயிர்.

மண் இருந்த இடமெல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் கோப்பிதான். நாங்கள் வைத்த கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கோப்பிகூட முளைக்காத மொட்டைப் பாறை ஒன்று கிடந்தது. வீரய்யா பாலத்துச் சுவர் வெடிப்பிலிருந்து ஓர் அரசங்கன்றும், தெல்தெனியப் பக்கமிருந்து ஒரு வேப்பங்கன்றும் கொண்டுவந்தான். ஓடைச் சேற்றைப் பாறையில் அப்பி, வேரைத் தென்னங்கயிற்றால் இறுக்கி, மேலே பாசியைப் போர்த்தினோம்.

பிழைத்தன. ஆனால் வளர்ந்தால்தானே! மழைக்காலங்கள் வந்து போயின. தண்டு தடித்துக் கிளை விரிந்து கிழட்டு மரமாட்டம் ஆனதே தவிர, உயரம் ஒரு முழம்தான்.

சரி, மரக் கல்யாணத்தையாவது நடத்துவோம் என்று வைத்தோம். லயமே திரண்டது. பாசி வழுக்கி, பாதிப் பேர் உட்கார்ந்தபடியே மரத்தைச் சுற்றினார்கள். பக்கத்து வீட்டுச் சுப்பம்மா சிரித்த சிரிப்பில் குலவையைப் பாதியில் விட்டாள். வேம்புக்கு மஞ்சள் கயிறு கட்டியாயிற்று. உச்சி வெயிலில் அப்பா குனிந்து பார்த்தார்.

"கல்யாணம் சரி. நெழல் என் முழங்காலுக்கே எட்டலையே, மூக்காயி?"

எனக்கு வந்ததே கோபம்! "தலையில விழணும்னுதானே நேந்தீங்க? நின்னுக்கிட்டுத்தான்னு சொன்னீங்களா? படுங்கப்பா!"

அப்பா என்னை முறைத்தார். பிறகு துண்டை விரித்து மல்லாந்தார். அவர் தலையைப் பிடித்துக் கிளைகளுக்கு அடியில் தள்ளினேன். அரசிலை நிழல் நெற்றியில் ஆடியது. கண்ணை மூடிக்கொண்டார்.

"குளுகுளுன்னு இருக்கு," என்றார்.

"எந்திரிங்க மாமா," என்று வீரய்யா கை நீட்டினான்.

"எந்திரிச்சா நெழல் போயிருமேடா! மடியில தாலிக்கயித்த முடிஞ்சு வச்சுக்கிட்டுத் திரியிறியே, எனக்குத் தெரியாதா? இப்பவே கட்டு!"

கட்டினான். அப்பா படுத்தபடியே அட்சதையை வீசினார். பாதி அவர் வாயிலேயே விழுந்தது. மென்றுகொண்டே எங்களை வாழ்த்தினார்.