எலிசேயோ மெலாராவுக்கு வந்த மூன்று தேதிகள்

உறுதிமொழி எடுக்க வரச்சொல்லிக் குடியுரிமை அலுவலகம் எந்தத் தேதியைப் போட்டு அனுப்பினாலும், எலிசேயோ மெலாராவின் கைக்கு வந்து சேரும்போது அது பிப்ரவரி மூன்றாகத்தான் இருக்கும். முதல் கடிதத்தில் மே பதினான்கு என்று அடித்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துத்தான் முத்திரை வைத்தார்கள். தலைநகர் பெல்மோபானிலிருந்து அவருடைய ஊரான நுவேவா லூஸ் ஒன்பது மைல். கடிதம் பேருந்து ஓட்டுநரின் சட்டைப்பையில் வரும். அந்த ஒன்பது மைலுக்குள் மே மாதம் எங்கோ இறங்கிக்கொள்ள, பிப்ரவரி ஏறிக்கொள்ளும். அலுவலகத்துப் பதிவேட்டைப் புரட்டினால் அங்கும் பிப்ரவரி மூன்று. உறுதிமொழி மண்டபத்தில் நாற்காலி போடுகிறவனின் நாட்காட்டியிலும் அதே நாளைச் சுற்றித்தான் வட்டம். நுவேவா லூஸில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஆண்டு பீன்ஸ் விலை படுத்துவிட்டிருந்தது. அவரவருக்கு அவரவர் கவலை.

பிப்ரவரி மூன்று புனித பிளாஸின் திருநாள். தொண்டையைக் காக்கும் அந்தப் புனிதரின் மரச் சுரூபத்தை, எல் சால்வடோரில் சண்டை மூண்ட எண்பத்தொன்றில், எலிசேயோதான் சோளச் சாக்கில் போட்டு முதுகில் சுமந்து இருபத்திரண்டு நாள் நடந்து இந்த நாட்டுக்குள் கொண்டுவந்தார். ராணுவம் ஊருக்குள் நுழைந்த காலையில் அவருடைய முதுகுக்கு இரண்டு சுமைகள் காத்திருந்தன. ஒன்று புனிதர், மற்றது இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிய அக்கா சோய்லா. அக்காதான், புனிதரைத் தூக்கு, நான் பின்னாலேயே வருகிறேன் என்று விரட்டினாள். அவள் வரவில்லை. யாருடைய சோளக் குதிருக்குள்ளோ ஒளிந்து பிழைத்துக்கொண்டாள் என்று இரண்டு வருடம் கழித்து வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. அதுவரை எலிசேயோ ஒரு வேளையும் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

புது ஊரில் தகரக் கூரை போட்டுக் கோவில் கட்டி முதல் பவனிக்கு நாள் குறித்தார்கள். எட்டு ஆள் சேர்ந்தும் சுரூபப் பீடம் அசையவில்லை. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டினார்கள், மாடுகள் முழங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டன. எலிசேயோ வந்து முன்பக்கத்து வலது கழியில் தோள் கொடுத்ததும் பீடம் முறம் போல எழும்பியது. அன்றிலிருந்து அந்தக் கழி அவருடையது. எண்பத்தாறில் அவர் மலேரியாவில் படுத்துக் கிடந்ததால் பவனி நடக்கவில்லை. மறுநாள் காலை முதல் உயிர்ப்பு ஞாயிறுவரை ஊர் முழுக்கப் பேச்சு நின்றுபோயிற்று. சேவல் வாயைத் திறக்கும், சத்தம் வராது. புருஷன் பெண்டாட்டி கையாலேயே சண்டை போட்டார்கள். சில ஆண்கள் இன்னும் ஒரு வருஷம் இப்படியே போகட்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றியதாகவும் கேள்வி. ஆனால் அழுகிற கைக்குழந்தையின் சத்தம் தாய்க்குக் கேட்கவில்லை என்பது விளையாட்டுக் காரியமா? இனி ஒரு பவனியும் தவறக்கூடாது என்று ஊர் முடிவெடுத்தது.

ஆகவே முதல் தடவையும் இரண்டாம் தடவையும் எலிசேயோ உறுதிமொழிக்குப் போகவில்லை. மன்னிக்கும்படி எழுதிப் போட்டார். அவருக்கோ அந்தக் குடியுரிமைக் காகிதம் உயிருக்குச் சமம். அகதி அட்டையோடு எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. இங்கே மனைவி, மூன்று பிள்ளைகள். குடியுரிமை வந்தால் பாஸ்போர்ட் வரும், பாஸ்போர்ட் வந்தால் அக்காவைப் பார்க்கலாம். சோய்லாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. உன் மூஞ்சி தெரிகிற காலத்திலேயே வந்துவிடு என்று எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவளிடம் நேரில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை எலிசேயோ பதினான்கு வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தார். கடிதத்தில் அதை எழுத அவருக்குத் தைரியம் இல்லை.

தொண்ணூற்றைந்தில் மூன்றாவது கடிதம் வந்தது. இந்த முறையும் வராவிட்டால் கோப்பு மூடப்படும், நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து விண்ணப்பதாரரை அறிந்த சாட்சி ஒருவரையும் அழைத்து வரவேண்டும் என்று கண்டிருந்தது. தேதி சொல்லவே வேண்டாம். எலிசேயோ நேராகக் கோவிலுக்குப் போய் வாழ்க்கையில் முதன்முறையாகப் புனிதரோடு சண்டை பிடித்தார்.

“உம்மச் சுமந்த முதுகு இது. அவளை விட்டுட்டு உம்மத் தூக்கினேன். ஒரே ஒரு நாள் என்னை விட்டா உமக்கு என்ன குறைஞ்சு போகும்?”

புனிதர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சாடியைக் கழுவிக்கொண்டிருந்த திருநாள் கமிட்டித் தலைவி தெலெஸ்போரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஊரில் யாருக்கும் அவள் பேச்சுக்கு மறுபேச்சு வராது.

“கூட நடந்து வந்தவங்கள்ல யாரு மிச்சம், எலிசேயோ?”

“ஒருத்தரும் இல்லக்கா.”

“இவரு யாராம்? நீ எல்லையில கால் வெச்சப்ப உன் முதுகுலதானே இருந்தாரு. சாட்சின்னா இவர விடப் பெரிய சாட்சி எவன் வரப்போறான்? பவனி கோவிலைத்தான் சுத்தணும்னு எங்க எழுதியிருக்கு? இந்த வருஷம் பெல்மோபானுக்குப் போவுது.”

கோழி கூவப் புறப்பட்டார்கள். முன்னால் அக்கார்டியன், நடுவில் புனிதர், பின்னால் புபூசா என்னும் சோள அடைக்கு மாவும் அடுப்புமாகப் பெண்கள். நெடுஞ்சாலையில் ஆரஞ்சுப்பழ லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஓட்டுநர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள், சிலர் தொண்டைக்கு ஆசி வாங்கிக்கொண்டார்கள். உறுதிமொழிக்குக் குறித்த பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டப வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் மிஸ் ஹார்டென்ஸ் அஷர். இருபது வருட வேலையில் கழுதையைச் சாட்சியாகக் கூட்டி வந்தவனையும் பார்த்தவர். சாட்சி எங்கே என்று கேட்டார். எலிசேயோ புனிதரைக் கைகாட்டினார். அந்த அம்மாள், கொடியை மறைக்காமல் கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார். மிஸ் அஷருக்கு ஒரு பழக்கம்: தலையை எண்ணமாட்டார், உயர்த்திய கைகளைத்தான் எண்ணுவார். கையைத் தூக்காமல் உதட்டை அசைத்துத் தப்புகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர். கை நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினார், நாற்பத்து மூன்றுதான். ஆசி கொடுக்க எப்போதும் இரண்டு விரல் நீட்டியிருக்கும் புனிதரின் வலது கை அன்று ஐந்து விரலும் விரிந்திருந்ததை நுவேவா லூஸ்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். உறுதிமொழி முடிந்தபோது, எல்லோருக்கும் ஒரு வார்த்தை பிந்தி, சளி பிடித்தது போன்ற ஒரு கிழக் குரலும் சொல்லி முடித்தது.

மிஸ் அஷர் பேனாவை எடுத்தார். “நின்னாரு, கையத் தூக்குனாரு, வார்த்தையையும் சொல்லிட்டாரு. இனி எழுதாம விட்டா தப்பு என் தலையில விடியும். முழுப் பேரு சொல்லுங்க.”

தொழில் பிஷப் என்றும் வயது ஆயிரத்து எழுநூறு சொச்சம் என்றும் தெலெஸ்போரா எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் எலிசேயோ செருப்பு வார் அறுந்து சாலையோரம் குனிந்தார். நிமிர்ந்தபோது பவனி நூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவருடைய கழியில் யாரோ ஒரு பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், சிரித்துப் பேசிக்கொண்டே நடந்தான். பீடம் தக்கை போலப் போயிற்று. எலிசேயோ ஓடப் பார்த்தார். தெலெஸ்போரா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுப்பா, போகட்டும். புனிதரு இத்தன நாளும் காகிதம் இல்லாத ஆளு, கூட்டிட்டு வந்தவனத் தவிர வேற எவனை நம்புவாரு? இன்னைக்குத்தான் அவருக்குப் பயம் விட்டுச்சு.”

எலிசேயோ நடுச்சாலையில் நின்று அழுதார். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பாரம் இல்லாத தோள் இரண்டு வாரம் வலித்தது.

ஏப்ரலில் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு நாள் பேருந்தில் போய், சோய்லாவின் வாசலில் இறங்கினார். அவள் அவர் முகத்தை இரு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கிழவனாகிவிட்டாயே என்றாள். எலிசேயோ உட்காரக்கூட இல்லை.

“அக்கா, உன்னை விட்டுட்டு நான் அவரைத் தூக்கிட்டுப் போயிட்டேன்.”

சோய்லா மாவை உருட்டியபடியே கேட்டாள், வழியில் சிப்பாய்கள் எதிர்ப்பட்டார்களா என்று. சோளக்காட்டில் படுத்துக் கிடந்தபோது இரண்டு முழத் தூரத்தில் ஒரு மணி நேரம் நின்றார்கள் என்றார்.

“ஒரு மணி நேரமா? நல்லவேளை அவரைத் தூக்கிட்டுப் போனே, தம்பி. அவ்வளவு நேரம் நான் என்னைக்குடா வாயை மூடியிருக்கேன்? ரெண்டு பேரும் அங்கயே செத்திருப்போம்.”

அவர் வாய்விட்டு அழுது முடிக்கும்வரை அவள் மூன்று புபூசா தட்டிப்போட்டாள். பிறகு உறுதிமொழிக் கதையைக் கேட்டுவிட்டு, புனிதருக்கும் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்களா என்று விசாரித்தாள். மனு போட்டிருக்கிறது, போட்டோ மட்டும் பாக்கி என்றார் எலிசேயோ.

“அப்ப அடுத்த தடவை ரெண்டு பேருமா வாங்க. ஆனா நீ தூக்காதே. டிக்கெட் எடுத்து உக்கார வெச்சுக் கூட்டிட்டு வா.”