அப்பாவின் உறைத் தயிர்

முதல் கரண்டியிலேயே அகாவ்னிக்குத் தெரிந்துவிட்டது. விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். அதே புளிப்பு, கடைசியில் வரும் அதே லேசான இனிப்பு. இது அவர்கள் கடைத் தயிர்.

அப்பா ஹிராண்டைப் புதைத்துவிட்டு வந்து, வாட்டர்டவுன் தேவாலயக் கூடத்தில் ஆத்மா சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கடை திறக்கவேயில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தால் குளிர்பெட்டி அணைந்து கிடந்தது, உறை ஜாடியில் சிவப்பாகப் பூசணம். சொந்த ஊர் கார்பெர்ட்டில் நடந்த படுகொலைக்குத் தப்பித் தாத்தா கடல் தாண்டி வந்தபோது கையில் இருந்தது தயிரில் தோய்த்துக் காயவைத்த ஒரு துணித்துண்டுதான். அதிலிருந்து எழுந்த உறைதான் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. அது செத்துப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி வாஹ்ரம் கடையை விற்றுவிடலாம் என்பான். ஒரு வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தயிரைக் கொண்டுவந்தது அரக்ஸி அத்தையாம். அப்பாவோடு சண்டை போட்டுப் பிரிந்து, அடுத்த தெருவிலேயே கடை வைத்தவள். அகாவ்னிக்குக் கணக்கு சரியாக வந்தது. வாஹ்ரம்தான் உறையை அத்தைக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்பெட்டியை அணைத்திருக்கிறான், பாவி. அப்பா மண்ணுக்குள் போகும்வரைகூடப் பொறுக்கவில்லை.

சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்தாள்.

"சாவி உன்கிட்டதான இருந்துச்சு?"

"இருந்துச்சு. கடைப் பக்கமே நான் போகலக்கா. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அடிச்ச புயல்ல தெருவுக்கே கரண்ட் இல்ல."

"அப்ப நம்ம உறை அத்தை வீட்டுக்குத் தானா நடந்து போச்சா?"

எச்சில் தட்டுகளோடு உள்ளே வந்த அத்தை, அவற்றைத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அவன விடுடி. என் பங்குன்னு அந்த வீட்லேர்ந்து நான் எடுத்துட்டுப் போனது அந்த உறை மட்டுந்தான். உங்க உறை எப்பவோ செத்துப் போச்சு."

அகாவ்னி கடைக்கு வந்த புதிதில், பால் ஆறுவதற்குள் உறை ஊற்றிவிட்டாளாம். அடுத்த முறைக்கென்று எடுத்துவைத்திருந்த உறையையும் சேர்த்து ஊற்றியதில் மொத்தமும் வெந்துபோயிற்றாம்.

"இருட்டிட்டா நாம யாரும் உறை குடுக்கமாட்டோம்ல. அதனால பொழுது சாயறதுக்குள்ள ஓடிவந்தான் உங்கப்பன். அத்தன வருஷம் என் மூஞ்சியப் பாக்காதவன், கிண்ணத்த நீட்டிட்டு நின்னான். 'பிள்ளைக்குத் தெரியவேணாம், அப்புறம் பால் பாத்திரத்தத் தொடவே பயப்படுவா'ன்னான்."

அகாவ்னிக்கு அந்த நாள் நினைவிருந்தது. மறுநாள் காலை அப்பா தயிரை ஒரு விரல் வழித்துச் சாப்பிட்டு, உன் கை ராசியான கை என்றார். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா மேல் கோபமாக வந்தது. அடக்க முடியாமல் அழுகையும் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டுக் கூரையில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்து, இரண்டு கைகளாலும் அத்தைக்கு முன்னால் நீட்டினாள்.

அத்தை ஒரு முறை ஜன்னலைப் பார்த்தாள்.

வாஹ்ரம் காபியை வைத்துவிட்டுப் போய், அத்தையின் கோட்டை எடுத்துவந்து, அவள் கை நுழைக்க வாகாக விரித்துப் பிடித்தான்.