சோம்பு போட்ட பாக் பியர்

பயப்படாதீர்கள், இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. ஒரு வீட்டில் புருஷன் கடை பியர் வாங்கிக் குடித்தான், அவ்வளவுதான். ஆனால் அது லவோன் கெஸர்ட்டின் வீடு. அதனால்தான் ஊரே பேசியது.

மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இங்கே நிலவறையில் பியர் காய்ச்சாத வீடு குறைவு. அவரவர் வாய்க்கு அவரவர் பியர். ஆனாலும் லவோன் காய்ச்சும் பாக் பியருக்கு ஈடு கிடையாது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். கறுப்பாக இருக்கும், கெட்டியாக இருக்கும், ரொட்டியின் முறுகிய ஓரத்தைக் கடித்த மாதிரி ஒரு வாசனை. ஆகஸ்ட் சந்தைப் போட்டியில் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான்.

தொண்ணூறுகளில் தொலைபேசிக் கம்பெனி எங்களுக்கெல்லாம் இணைய இணைப்புக் கொடுத்தபோது, கூடவே தன் கணினியில் வீட்டுக்குக் கொஞ்சம் இடமும் இலவசமாகக் கொடுத்தது. சொந்தமாக வலைப்பக்கம் போட்டுக்கொள்ளலாம். சிலர் பேரக் குழந்தைகளின் படத்தைப் போட்டார்கள், ஒருவர் தன் நாயின் படத்தை. லவோன் தன் பியர்களின் செய்முறையைப் போட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்று எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் ஓடும் எண்ணைப் பார்ப்பாள். ஆரிகன்காரன் ஒருவன் நன்றி எழுதியிருப்பான். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பாதிரியார் சந்தேகம் கேட்டிருப்பார். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

தொலைவில் இருப்பவனுக்குக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பக்கத்தில் இருப்பவன்தான் உறுத்தல்.

உறுத்தல் எல்ராய் டால்மன் உருவில் வந்தது. டிராக்டர் ரிப்பேர்க் கடைக்காரன். முட்டை அவிக்கச் சொன்னால் சட்டியைக் கருக்கிவிடுவான். அவன் பெயரில் தொடர்ந்து இரண்டு சந்தைகளில் ஒரு பாக் பியர் வந்து இரண்டாம் பரிசு வாங்கியது. மிச்சத்தை லவோன் ருசி பார்த்தாள். தன்னுடையதுதான். முழுக்க இல்லை, ஆனால் தன்னுடையதுதான்.

"உன் பக்கத்தைப் பாத்துக் காய்ச்சியிருப்பான். ஊருக்கே போட்டுவச்சது நீதானே?" என்றேன் நான்.

"காய்ச்சிக் குடிக்கத்தான் போட்டேன். என்னோட பியரை வச்சு என்னையே எதுத்து நிக்கறதுக்கா?"

"எல்ராய்க்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாதே."

"அதான் எனக்கும் புரியல. எவனோ கைகாரன் பின்னால இருக்கான்."

அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. எல்ராயின் கடைக்குப் பின்னால், பியருக்கான முளைகட்டிய பார்லி, அதாவது மால்ட், வந்த சாக்கு ஒன்று காற்றில் பறந்ததைப் பார்த்தாள். தன் புருஷன் ஆர்லின் சனிக்கிழமைகளில் பந்துருட்டும் ஆட்டத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எல்ராயோடு திரிவதையும் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை அவன் திரும்பிவந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போது முகர்ந்தாள். கொதித்த மால்ட் வாசனை. அலமாரியைத் திறந்தாள். அவனுடைய பந்து பையோடு அங்கேயே இருந்தது.

"இன்னிக்கு ஆட்டம் எப்படி?" என்று கேட்டாள்.

"சுமார்தான்" என்றான் ஆர்லின்.

ஆர்லின் பால் வண்டி ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் பால் எடுத்துப் பாலாடைக்கட்டி ஆலையில் கொண்டுபோய் இறக்குவான். அதிகம் பேசமாட்டான். பேசாத மனுஷன் பொய் சொன்னால் அது பெரிதாகத் தெரியும். வீட்டு விஷயத்தை எல்ராயிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். அவனிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவானே!

அவள் ஒரு பொறி வைத்தாள். குளிர்காலம் தொடங்குமுன், காய்ச்சும் பருவத்துக்குச் சரியாக, பாக் பியர் செய்முறையில் ஒரு வரி சேர்த்தாள்: 'கடைசிக் கொதியில் ஒரு மேசைக்கரண்டி சோம்பு, இடித்துப் போடவும்.' பாக் பியரில் எவனும் சோம்பு போடமாட்டான். போட்டால் மூடியைத் திறந்ததுமே காட்டிக்கொடுத்துவிடும். ஆரிகன்காரன், 'அம்மா, சோம்பு நிஜம்தானா?' என்று எழுதிக் கேட்டான். 'நிஜம்தான். அதில்தான் விஷயமே இருக்கிறது' என்று பதில் போட்டாள். பொய் இல்லை பாருங்கள்.

ஆகஸ்ட் வந்தது. சந்தையில் ஊறுகாய், பழக்கேக், ஒட்டுத்துணிப் போர்வை எல்லாம் வைக்கும் அதே கொட்டகையில்தான் பியருக்கும் தீர்ப்பு. பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும். மூடியில் எழுத்து இருந்தால் கறுப்பு மை தடவி மறைத்துவிடுவார்கள். மில்வாக்கியிலிருந்து வந்திருந்த தாடிக்கார நடுவர் எங்கள் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, முகர்ந்து, குடித்து, மனதில் பட்டதை உரக்கச் சொன்னார். லவோன் முன் பெஞ்சில். பக்கத்தில் நான். ஆர்லினும் எல்ராயும் பின்னால் கதவோரம்.

நடுவர் ஒரு பாட்டிலைத் திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"சோம்பு! பாக் பியர்ல சோம்பா? எங்க சித்தி கிறிஸ்துமஸுக்குச் சுடற பிஸ்கோத்துல தவறி பியர் கொட்டிட்ட மாதிரி இருக்குதுங்க."

கொட்டகை சிரித்தது. லவோன் சிரிக்கவில்லை. எழுந்து திரும்பினாள்.

"எல்ராய் டால்மன்! மாட்டுனியா?"

எல்ராய் முகம் பீட்ரூட் ஆனது. "ஏம்மா லவோன், எதுக்கு இப்ப கத்தற?"

"அந்தச் சோம்பு நான் வச்ச பொறி. என் பக்கத்தைத் தவிர உலகத்துல எங்கயும் கிடையாது. யாருய்யா உனக்குக் காய்ச்சித் தர்றது? டிராக்டர் எண்ணெயும் பியரும் ஒண்ணுன்னு நினைக்கறவன் நீ. சொல்லு, யாரு?"

எல்ராய் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். நட்புக்காக அவமானப்படுகிற முகம் ஒன்று உண்டு. நான் அதை அன்றைக்குப் பார்த்தேன்.

"உக்காரு லவோன்" என்றான் ஆர்லின். "அது என்னோடது."

அதற்குப் பிறகு நடுவர் நீல ரிப்பனுக்கு லவோனின் எண்ணைக் கூப்பிட்டார். போய் வாங்கிக்கொள்ள அவள் அங்கே இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டிக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவள் ஒரு பாதி, அவன் ஒரு பாதி பின்னால் என்னிடம் சொன்னார்கள்.

"ஏன் என்கிட்ட கேக்கல?" என்றாள் லவோன்.

"கேட்டேன். எத்தனை வருஷமாக் கேட்டேன்! 'நீ ஒதுங்கு, உனக்கு வராது'ன்ன. ஊர் பூரா இருக்கற பாலைக் கெடாமக் கொண்டுபோய்ச் சேக்கறேன், ஒரு பானையில பார்லி வேகவைக்க எனக்கு வராதா? அதான் எல்ராய் கொட்டகையில அடுப்பைப் போட்டேன். முதல் பரிசு வாங்கிட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"பாக் பியர்ல சோம்பு... போடும்போதே உனக்குத் தப்பாத் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"நீ எழுதியிருந்த. போட்டேன்."

மக்காச்சோளக் காடு முடிந்து ஆலை வந்தது.

"அந்தப் பக்கத்துல வேற என்னல்லாம் பொய்?" என்று கேட்டான் ஆர்லின்.

"வேற ஒண்ணும் பொய் இல்ல."

அவன் ரேடியோவில் ஆட்ட வர்ணனையைப் போட்டுவிட்டான்.

மறுநாளே அவள் சோம்பு வரியை எடுத்தாள். ஆரிகன்காரனுக்கு மன்னிப்பு எழுதினாள். அவன், தன் மாமியாருக்கு அந்தச் சோம்பு பியர் பிடித்துப்போய்விட்டது, இன்னும் கேட்கிறாள் என்று பதில் போட்டான். ஆர்லினிடம் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் கடையிலிருந்து ஒரு பெட்டி டின் பியர் வாங்கிவந்து குளிர்பெட்டியில் அடுக்கினான். கீழே நிலவறை நிறைய அவள் காய்ச்சியது இருந்தது.

"அதுல என்ன இருக்குன்னு டின்லயே போட்டிருக்கான்" என்றான்.

ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் அவன் சாப்பாட்டு உப்பைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் போட்டுக்கொண்டான். கேலிக்கா, நிஜமாகவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. லவோனுக்குத் தெரிந்தது. தட்டைத் தள்ளிவைத்தாள். "திட்டினாக்கூடத் தேவல. நான் எதைச் சொன்னாலும் அவன் முகத்துல 'இதுல எது சோம்பு'ன்னு ஒரு பார்வை. இப்படியே இருந்துடுவானோ?" என்றாள் என்னிடம்.

முதல் பனி விழுந்தபின் ஒரு சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டாள்.

"பாக் காய்ச்சப் போறேன். கீழ வா. நீயே பாரு."

வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மால்ட் மூட்டையில் கைவிட்டு அள்ளி முகர்ந்தான். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூப் பொட்டலத்தின் சீட்டைப் படித்தான். அவள் தண்ணீரை ஊற்றிப் பார்லிக் கூழைக் கலக்க, அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செய்முறை அவனுக்கு வரிக்கு வரி மனப்பாடம். அடுத்தது என்ன என்று அவளுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது. கூழ் சூட்டில் ஊறி முடித்தது. இனி வடிக்க வேண்டும். வலைப்பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

லவோன் அகப்பையோடு நின்றாள்.

இப்போது வடித்துவிட்டால் காரியம் முடிந்தது. வலைப்பக்கத்தில் இருப்பது வரி பிசகாமல் உண்மை என்று அவன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். பியர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், இரண்டாம் பரிசு வாங்கும். வீட்டில் நிம்மதி வந்துவிடும்.

அவள் இன்னொரு சட்டியை எடுத்துப் பக்கத்து அடுப்பில் வைத்தாள். கூழில் மூன்றில் ஒரு பங்கை அள்ளி அதில் போட்டுத் தீயைக் கூட்டினாள்.

"இது என்ன?" என்றான் ஆர்லின்.

"கொஞ்சத்தைத் தனியாக் கொதிக்கவிட்டு மறுபடி அதுலயே ஊத்தணும். அந்த முறுகல் வாசனை இதுலதான் வருது."

"இது உன் வலைப்பக்கத்துல இல்லயே."

"இல்ல."

"என்னைப் பிடிக்கறதுக்காக எடுத்துட்டியா?"

"எடுக்கல. எப்பவுமே போட்டதில்ல. முதல் நாள்லேந்தே."

"யாரும் திருடறதுக்கு முன்னாலயா?"

"ஆமா."

கூழ் கொப்புளம் விட ஆரம்பித்தது. ஆர்லின் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். படியேறிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாளாம்.

"விடாமக் கிண்டணும்" என்றாள். "இல்லன்னா அடி பிடிக்கும்."

அவன் அவள் கையிலிருந்த அகப்பையை வாங்கினான். கிண்டினான். குனிந்து, ஆவியில் முகத்தை வைத்துத் தானே முகர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி."

"நிஜமாவா?"

"நிஜமா."

சட்டியின் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிண்டினான். பிறகு அவன் நிமிராமலே கேட்டான்: "வேற ஏதாச்சும் இருக்கா?"

லவோன் யோசித்தாள். கைக்கு வேலை இல்லாமல் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"இருக்கு" என்றாள். "ரெண்டு இருக்கு. கிண்டறதை நிறுத்தாத, சொல்றேன்."