தியோனே உட்கார்ந்த கல்

அந்த ஊர் வழக்கப்படி, ஒருவர் செத்து வருஷம் திரும்பினால் கல்லறையில் கல் வைத்து, அதன்மேல் போர்த்திய துணியை விலக்கித் துக்கத்தை முடிக்க வேண்டும். சனிக்கிழமை ஊரே கூடுகிறது. விருந்துக்கு உப்புப் போட்ட பறவைக் கறி வந்து இறங்கிவிட்டது. கல்தான் வரவில்லை.

ரிபேகாவிடம் எதைக் கேட்டாலும் 'சரி' என்பாள். செத்துப்போன புருஷன் தியோனேயின் நாய்களை விற்கலாமா? சரி. பாறை சரிந்து அவன் அடியில் நசுங்கிச் செத்த அன்றும் அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது, அதுவும் உறைக்கவில்லை. அவளாக வாய் திறந்து கேட்டது ஒன்றைத்தான்: ஆடு மேய்க்கையில் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட தட்டைக் கல்.

அதற்காகத்தான் கொழுந்தன் ரெவி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அவளோடு மலையுச்சிவரை வந்திருந்தான். நிழலில் இன்னும் பனி கிடந்தது.

"பளபளன்னு இருக்கு பாருங்க அண்ணி. எல்லாம் அண்ணன் உக்காந்து தேய்ச்சது!"

அவள் சிரிக்கவில்லை. அவன் நெம்பினான். அடியில் இன்னொரு பாறை. நடுவே விரல் நுழையும் இடுக்கு. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பல்லி.

நனைந்த பாறையின் பழுப்பு. முதுகெங்கும் ஆரஞ்சுப் புள்ளிகள், யாரோ விரல் நுனியால் தொட்டு வைத்தது போல. இமையில்லாத கறுப்புக் கண். வயிறு இருபுறமும் புடைத்திருந்தது. குளிரில் விறைத்து, அசையாமல் கிடந்தது.

ரெவி துள்ளிப் பின்வாங்கினான். "ஐயோ அண்ணி! இது சிரிக்கிற மாதிரி கத்துனா வீட்டுல சாவு விழும்!"

"விழுந்தாச்சு. இன்னும் யாரு பாக்கி?"

"நான் இருக்கேன்ல!"

அவள் குனிந்து பார்த்தாள். "வயித்துல குட்டி இருக்கு."

"குட்டியா? பல்லி முட்டைதானே போடும்?"

"இந்தக் குளிர்ல முட்டை எங்க பொரியும்? வருஷக்கணக்கா வயித்துலயே சுமக்குமாம். உங்க அண்ணன் சொல்வாரு. கல்லை மூடு, ரெவி."

"விளையாடுறீங்களா? சனிக்கிழமை ஊருக்கு என்ன பதில் சொல்றது?"

"எதையாவது சொல்லு. இந்த இடுக்கு போச்சுன்னா அது விறைச்சே செத்துடும்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் கல்லைப் பிடித்தான். பாசி படிந்த பழைய தடத்தைப் பார்த்துப் பார்த்து இருவரும் இறக்கினார்கள். கடைசியில் கடப்பாரை வழுக்கியது. கல் பொத்தென்று விழுந்தது.

ரிபேகா அப்படியே தரையில் குப்புற விழுந்தாள். கன்னம் பாறையில் உரச, இடுக்குக்குள் கைபேசியின் வெளிச்சத்தை அடித்தாள். இருட்டுதான் தெரிந்தது.

"நசுங்கிடுச்சா? ரெவி, நசுங்கிடுச்சாடா? எனக்குப் பயமா இருக்குடா!"

ரெவி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அண்ணன் போனதிலிருந்து அவள் பயமென்றோ பசியென்றோ எதுவும் சொல்லி அவன் கேட்டதில்லை.

வெளிச்சத்தைச் சாய்த்தாள். உள்ளே, ஒரு மூலையில், கறுப்புக் கண். இளஞ்சிவப்பு நாக்கு நீண்டு அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போனது.

"இருக்கு," என்றாள். "இது தப்பிச்சிருச்சு. அவர்தான்..."

கல்லைக் கட்டிக்கொண்டு, ஊரில் யாரும் கேட்டிராத குரலில், தியோனேயின் பெயரைச் சொல்லி அழுதாள். ரெவி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.