வேலுக்கு முன்னால்

ஆடிக் கிருத்திகைக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடிக் கூட்டத்தோடு நடந்தேன். மழை பொய்த்த வருஷம். வழியில் நாங்கள் குறுக்கே கடந்த ஏரியே பொட்டலாகக் காய்ந்து கொதித்தது. புறப்படும்போதே குருசாமி துளசிங்கம் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வேலுக்கு முன்னால யாரும் போவக்கூடாது."

சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிய என் காலைப் பார்த்து, "கன்னியம்மா, வண்டியில ஏறிக்க. உன்னால எல்லாருக்கும் நேரமாவுது" என்று வழியெல்லாம் நச்சரித்தார். நான் ஏறவில்லை.

ஏரி நடுவில் என் ஊன்றுகோல் முறிந்தது.

"இப்பனாச்சும் ஏறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. அக்கா புருஷன் பரசுராமன் பாவா வேலேந்தி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒற்றைக்காலில் தத்திப்போய் அதைப் பிடுங்கி, தரையில் ஊன்றி நடந்தேன்.

"சாமி வேல்டி அது! குச்சியாட்டம் ஊணிகினு போறியே!" என்று கத்தினார் குருசாமி.

"படத்துல முருகரே ஊணிகினுதான் நிக்கிறாரு."

பாவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தணிகை மலை தெரிந்ததும் மூச்சு வாங்க நின்றேன். பின்னால் காவடிகள் எல்லாம் நின்றன. பொறுமையிழந்த குருசாமி என்னைத் தாண்டக் காலெடுத்தார்.

"குருசாமி, வேலுக்கு முன்னால போறீங்களே?"

எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்தார். நான் ஆற அமர மூச்சு வாங்கினேன்.