குறையில்லாத பெட்டி

டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஹாலுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று மனைவி சொன்னதுமே எனக்கு ஆபத்து புரிந்துவிட்டது. என் பழைய கம்ப்யூட்டர், ஆள் உயரக் குப்பை, பின்னறையில் கிடக்கிறது. அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கிருக்கும் ஒரே சாக்கு அதுதான். புதியது வந்தால் பழையது வெளியே போய்விடும். ஹாலில் உட்கார்ந்தால் தொலைந்தேன், ஆளாளுக்கு ஏவுவார்கள். பின்னறையோ, புதிதாக வேலை கிடைத்து எங்களோடு தங்க வரும் அவள் தம்பிக்குப் போய்விடும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துப்பில்லை. அதனால் குறை சொன்னேன். கடைக்காரர் காட்டிய முதல் பெட்டி இரைந்தது. அடுத்தது தோசைக்கல்லாகச் சுட்டது. இன்னொன்றில் படம் திக்கித் திக்கி ஓடியது. வாரக்கணக்கில் இப்படியே இழுத்தடித்தேன்.

இன்று அவர் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை என் கையில் வைத்து, கடையின் பெரிய டிவியில் படத்தை ஓடவிட்டார். பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடவில்லை. சூடும் இல்லை.

"இதுல ஏதாச்சும் குறை இருக்குமே?"

"நீங்க சொன்ன குறை ஒண்ணு விடாம மனசுல வச்சுத்தான் சார் இதைத் தேடிப் பிடிச்சேன்."

கூட வந்திருந்த மனைவி அதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"கட்டிலை ஏத்திட்டு வந்துடுடா. மாமா ஒருவழியா சரின்னுட்டாரு."

நான் எங்கே சொன்னேன்? போனில் மைத்துனன் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"அந்த ரூமுக்கு உள்பக்கம் தாப்பா நல்லா விழுதுல்லக்கா?"